சினை நிற்காத மாடும் காளையின் எண்ணும்

காரைக்குடி வட்டாரத்தில் ஒரு கறவை மாட்டுக்கு மூன்று சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் சினை நிற்கவில்லை என்றால் பழி யார் மேல் விழும் என்பது ஊருக்கே தெரியும். முதலில் ஊசி போட்டவர் மேல். அப்புறம் வெயில், தீவனம். அதுவும் இல்லையென்றால் கண்ணேறு. தகப்பன் காளையின் பேச்சு மட்டும் வருவதே இல்லை. வரவும் வழியில்லை. அந்தக் காளை ஊட்டியிலோ ஈச்சங்கோட்டையிலோ வேறு மாநிலத்திலோ உள்ள விந்து நிலையத்தில் நிற்கும். செத்துப் பல வருடம் ஆகியும் இருக்கலாம். உறைவிந்து மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனுக்குள் கிடக்கும்வரை காளை இருந்தால் என்ன, இறந்தால் என்ன?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சினை பிடிக்காத மாடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மரபுக் குறை கிடையாது. பருவத்தைத் தவறவிடுவது, நேரம் தப்பி ஊசி போடுவது, தீனிக் குறைவு, தாது உப்பே காட்டாதது, போன ஈத்தில் நஞ்சுக்கொடி விழாமல் கருப்பையில் சேர்ந்த சீழ், இவைதான் பெரிய காரணங்கள். ஆனால் இவை எல்லாவற்றையும் மருத்துவரோ மாட்டுக்காரரோ பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். மரபுக் குறையை அப்படிப் பார்க்க முடியாது. காளை கம்பீரமாக நிற்கும். விந்தை நுண்ணோக்கியில் பார்த்தால் உயிரணுக்கள் நன்றாக நீந்தும். பசுவும் ஆரோக்கியமாக இருக்கும். கரு மட்டும் தங்காது. கண்ணுக்குத் தெரியாத இந்த இழப்பைக் குறைக்கத்தான் செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது: காளையின் எண்ணைக் குறித்துவைப்பது. அதைத்தான் நாம் செய்வதில்லை.

மாட்டுக்கு 60 குரோமோசோம், அதாவது 30 ஜோடி. ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகளாக வருகிறது. ஒரு பிரதி கெட்டிருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். மாடு தன் குறையைக் காட்டாமலே வாழ்ந்து, பால் கறந்து, கன்று ஈன்று போய்விடும். இப்படிப்பட்ட மாடு குறையைச் சுமக்கும் மாடு, அவ்வளவுதான், நோயாளி ஆகாது. சுமக்கும் காளையின் விந்து சுமக்கும் பசுவுக்குப் போகும்போதுதான் சிக்கல். நான்கில் ஒரு கருவுக்கு இரண்டு பிரதியும் கெட்டதாக அமையும். அந்த மரபணு கரு வளர்வதற்கே வேண்டியதாக இருந்தால் கரு சாகும். மீதி மூன்றில் இரண்டு, பெற்றோரைப் போலவே குறையைச் சுமந்துகொண்டு நன்றாகப் பிறக்கும். செத்தது கண்ணில் படாது, பிறந்ததில் குறை தெரியாது. அதனால்தான் இது தலைமுறை தலைமுறையாகச் சத்தமில்லாமல் ஓடுகிறது.

உலகத்தில் இதற்குப் பெரிய உதாரணம் ஒரு அமெரிக்க ஹோல்ஸ்டீன் காளை. நம்மூரில் எச்எஃப் என்கிறோமே, அந்தக் கறுப்பு வெள்ளை இனம். பெயர் பாவ்னி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப், பிறந்தது 1962-ல். அதன் மகள்கள் பாலைக் கொட்டினார்கள். விந்தும் எங்கெங்கோ போனது. மகள்கள் மட்டும் 16,000. பேத்திகள் 5 லட்சம், கொள்ளுப்பேத்திகள் 20 லட்சத்துக்கும் மேல். ஹோல்ஸ்டீன் இனத்தின் மொத்த மரபுப்பொருளில் சுமார் 14 சதவீதம் இந்த ஒரு காளையிலிருந்து வந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் காளையில் ஏபிஏஎஃப்1 என்ற மரபணுவின் ஒரு பிரதியில் டிஎன்ஏவின் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. அதனால் அந்தப் புரதம் பாதியிலேயே நின்றுவிடும். கரு உருவாகும்போது வேண்டாத செல்கள் தாமாக அழிய வேண்டும். அதற்கு உதவும் புரதம் அது. இரண்டு பிரதியும் இப்படி அமைந்த கரு பிழைக்காது. 35 வருடத்தில் உலகம் முழுக்க இதனால் நின்றுபோன கருக்கள் 5,25,000 இருக்கும், நஷ்டம் 42 கோடி டாலர் இருக்கும் என்று 2016-ல் வந்த ஒரு ஆய்வு மதிப்பிட்டது. அதே ஆய்வு, சீஃப் கொடுத்த பால் பெருக்கத்தின் மதிப்பு 3,000 கோடி டாலர் என்றும் சொன்னது. கணக்குப் பார்த்தால் அந்தக் காளையைத் திட்டவும் முடியவில்லை.

இந்தக் குறையைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. செத்த கருவை யாரும் அறுத்துப் பார்க்கவில்லை. அமெரிக்க வேளாண் துறையில் வான்ரேடன் குழுவினர் ஆயிரக்கணக்கான மாடுகளின் மரபணுப் பதிவுகளை எடுத்துவைத்துக்கொண்டு, இருக்க வேண்டியது எது இல்லை என்று தேடினார்கள். ஒரு குறிப்பிட்ட குரோமோசோம் துண்டு இனத்தில் இத்தனை மாட்டில் இருக்கிறது என்றால், அதை இரண்டு பக்கமும் பெற்ற மாடுகள் சில டஜனாவது இருந்தாக வேண்டும். சில துண்டுகளுக்கு அப்படி ஒரு மாடுகூட இல்லை. அப்படியானால் அவை பிறக்கவே இல்லை. 2011-ல் வெளிவந்த அந்த வேலையில் ஹோல்ஸ்டீனில் மூன்று, ஜெர்சியில் ஒன்று, பிரவுன் ஸ்விஸில் ஒன்று என ஐந்து துண்டுகள் சிக்கின. சீஃப் காளையுடையது அந்த ஐந்தில் எச்எச்1 என்று பெயரிட்ட துண்டு.

அதற்கு முன்பே தெரிந்தவையும் உண்டு. கார்லின்-எம் ஐவன்ஹோ பெல் என்று 1974-ல் பிறந்த இன்னொரு பேர்பெற்ற காளை ஒரே சமயத்தில் இரண்டு குறைகளைச் சுமந்தது. ஒன்று பிளாட்: கன்று பிறக்கும், ஆனால் வெள்ளையணுக்கள் வேலை செய்யாமல் தொற்று மேல் தொற்று வந்து இளவயதிலேயே செத்துப்போகும். மற்றது சிவிஎம்: முதுகெலும்பு கோணிப்போன கரு. பெரும்பாலும் 260 நாளுக்குள்ளேயே வீசிவிடும். நாள் நிறைந்து வந்தாலும் செத்துத்தான் பிறக்கும். சிவிஎம் இருப்பது டென்மார்க்கில் தெரியவந்தபோது பெல்லின் வாரிசுகள் உலகமெங்கும் பரவியிருந்தன. டம்ப்ஸ் என்று மூன்றாவது ஒன்று. அதில் கரு 40-ஆம் நாள் வாக்கில் சாகிறது.

சரி, கறுப்பு வெள்ளை மாட்டின் கதை நமக்கு எதற்கு? தமிழ்நாட்டின் இனப்பெருக்கக் கொள்கை மலைப் பகுதிக்கு எச்எஃப், சமவெளிக்கு ஜெர்சி என்று போகிறது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கல்லல், சாக்கோட்டைப் பக்கம் தொழுவத்தில் நிற்பது பெரும்பாலும் ஜெர்சிக் கலப்பு. அதனால் நாம் கவனிக்க வேண்டியது ஜெர்சியின் துண்டைத்தான். ஜேஎச்1 என்று பெயர். சிடபிள்யூசி15 என்ற மரபணுவில் வந்த பிழை. அப்சர்வர் சாக்லேட் சோல்ஜர் என்ற காளை வழியாக இனம் முழுக்கப் பரவியது. கண்டுபிடித்த காலத்தில் அமெரிக்க ஜெர்சிகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்டவை இதைச் சுமந்தன. இரண்டு பிரதியும் கெட்ட கரு இரண்டு மாதம் தாண்டாது.

இங்கே நம் கலப்பின மாட்டின் விசேஷம் ஒன்று இருக்கிறது. நாட்டுப் பசுவுக்கு ஜெர்சி ஊசி போட்டால், அந்தக் காளை ஜேஎச்1-ஐச் சுமந்தாலும் ஒரு கரு கூட இதனால் சாகாது. தாய்ப் பக்கத்தில் ஜெர்சித் துண்டே கிடையாதே! முதல் கலப்பு இவ்வளவு நன்றாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அந்தக் காளையின் மகள்களில் பாதி, குறையைச் சுமந்துகொண்டு வளர்கின்றன. அடுத்த தலைமுறையில் அந்தக் கிடேரிக்கு மறுபடி ஜெர்சியோ ஜெர்சிக் கலப்புக் காளையோ போடும்போதுதான் வினை ஆரம்பிக்கிறது. தாத்தா காலத்தில் போட்ட ஊசிக்குப் பேரன் காலத்தில் மாடு திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும்.

எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வட்டாரத்தில் பத்தில் ஒரு பசு குறையைச் சுமக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமக்கும் காளை ஒன்றின் விந்தை எல்லாப் பசுவுக்கும் போட்டால், பத்தில் ஒன்றின் கருக்களில் நான்கில் ஒன்று போகும். அதாவது நூறு சினைக்கு இரண்டரை. யாருக்கும் தெரியாது, யாரும் கேட்க மாட்டார்கள். இப்போது அதே சுமக்கும் காளையை அதன் சொந்த மகள்களுக்கே போடுங்கள். மகள்களில் பாதி சுமப்பவை. அவற்றின் கருவில் நான்கில் ஒன்று போகும். நூறு சினைக்குப் பன்னிரண்டரை. ஐந்து மடங்கு. இத்தனைக்கும் இது ஒரே ஒரு குறைக்கான கணக்கு. எந்தக் காளையிடமும் நமக்குத் தெரியாத குறைகள் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். தகப்பனை மகளோடு சேர்த்தால் அத்தனையும் வெளிவரலாம்.

மகளுக்குத் தகப்பனையா போடுவார்கள் என்று கேட்காதீர்கள். தெரிந்து யாரும் போடுவதில்லை. ஒரு ஊசி எப்படிப் போடப்படுகிறது என்று பாருங்கள். ஊசிக்காரர் பைக்கில் வருகிறார். திரவ நைட்ரஜன் கலனின் மூடியைத் திறந்ததும் வெண்புகை வழிகிறது. இடுக்கியால் உறைவிந்து அடைத்த கால் மில்லி குச்சி ஒன்றை எடுத்து, 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் போட்டு, துடைத்து, விந்து செலுத்தும் துப்பாக்கியில் செருகி, முனையைக் கத்தரிக்கிறார். அந்தக் குச்சியில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் இனம், விந்து நிலையம், தேதி, காளை எண் எல்லாம் அச்சடித்திருக்கும்.

"தம்பி, போன தடவை போட்ட அதே ஊசிதானா?"

"ஜெர்சிதாங்க்கா. நல்ல ஊசி."

பேச்சு அதோடு முடிந்தது. ஊசி போட்ட பிறகு அந்தக் காலிக் குச்சி குப்பைக்குழிக்குப் போகிறது, காளை எண்ணோடு. இரண்டரை வருடம் கழித்து, பிறந்த கிடேரி பருவத்துக்கு வரும். அதே ஊசிக்காரர், அதே நிலையத்துக் குச்சிகள். நல்ல காளை என்றால் அதன் குச்சி இன்னும் கலனில் இருக்கும், கேட்டும் வாங்குவார்கள். அக்காவுக்குத் தெரியாது, தம்பிக்கும் நினைவிருக்காது.

கல்யாணப் பேச்சில் நகரத்தார் வீடுகளில் முதல் கேள்வியே "எந்தக் கோயில்?" என்பதுதான். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில். ஒரே கோயில் என்றால் பொதுவாகப் பங்காளி, பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. எத்தனை தலைமுறை ஆனாலும், பர்மாவுக்குப் போனாலும் மலேயாவுக்குப் போனாலும் இந்தக் கணக்கை மறந்ததில்லை. (தகப்பன் வழியை மட்டும் பார்த்தால் அத்தை மகள், மாமன் மகன் உறவு இதில் தப்பிவிடும் என்பது வேறு விஷயம். அதை இங்கே கிளற வேண்டாம்.) அதே வீட்டுப் பின்கட்டில் கட்டியிருந்த மாட்டுக்குத் தகப்பன் யார் என்று மட்டும் எந்த ஏட்டிலும் எழுதவில்லை. காளை ஊரிலேயே நின்ற காலத்தில் அது பாதகமில்லை, பார்த்தாலே தெரியும். குச்சியில் வரத் தொடங்கிய பிறகுதான் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

நாட்டு மாட்டுக்கு இந்தத் தொல்லையே கிடையாது என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் சரி. மேலே சொன்ன குறைகள் எல்லாம் ஐரோப்பிய இனங்களுக்குள் முளைத்தவை. நம் சிவகங்கைச் சீமையின் புலிக்குளம் மாட்டுக்கு அவற்றோடு சம்பந்தமில்லை. ஆனால் குறைகள் முளைப்பது எல்லா உயிரிலும் நடப்பது. எந்த இனத்தில் சில காளைகளை மட்டும் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்களோ அங்கே அவை வெளியே வரும். கிடைமாட்டுக்காரர்கள் தங்கள் மந்தையிலேயே பிறந்த காளையை மந்தைக்கே விட்டால் இதே கதைதான். சிராவயல் மஞ்சுவிரட்டில் பிடிபடாமல் போன காளையின் கன்றுதான் வேண்டும் என்று பத்து ஊர்க்காரரும் நின்றால், அங்கேயும் ஒரு சின்ன சீஃப் உருவாகிறது. மாடுகளின் எண்ணிக்கை குறையக் குறைய இந்த ஆபத்து கூடும்.

இவ்வளவு தெரிந்த பிறகும் கெட்ட மரபணுவை ஏன் ஒழித்துவிடவில்லை என்று கேட்கலாம். நல்லதும் கெட்டதும் ஒட்டிக்கொண்டு வருவது ஒரு காரணம். வட ஐரோப்பாவின் சிவப்பு மாடுகளில் 12-ஆம் குரோமோசோமில் ஆறரை லட்சம் எழுத்துகளுக்கும் மேலான ஒரு துண்டு சில மாடுகளில் காணாமல் போயிருப்பதை 2014-ல் கண்டுபிடித்தார்கள். இரண்டு பக்கமும் அது இல்லாத கரு சாகிறது. ஒரு பக்கம் மட்டும் இல்லாத பசு? கூடுதலாகப் பால் கறக்கிறது. பாலைப் பார்த்துக் காளையைத் தேர்ந்தெடுத்தவர்கள் தெரியாமலே இதையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பின்லாந்துச் சிவப்பு மாடுகளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று இதைச் சுமந்தது. பால் மட்டுமே குறி என்று ஓடினால் சினைப்பிடிப்பில் விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று அனுபவசாலிகள் சொல்வது வெறும் பேச்சில்லை.

மரபணு கெடாமல் குரோமோசோமே இடம் மாறி ஒட்டிக்கொள்வது இன்னொரு வகை. ஸ்வீடனில் 1964-ல் குஸ்டாவ்சன் என்பவர் சில மாடுகளில் 60-க்குப் பதில் 59 குரோமோசோம் இருப்பதைப் பார்த்தார். ஒன்றாம் குரோமோசோமும் 29-ஆம் குரோமோசோமும் ஒட்டி ஒன்றாகியிருந்தன. மாட்டுக்கு ஒரு கேடும் இல்லை. ஆனால் அதன் முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது பங்கீடு சில சமயம் தப்பிவிடும், கரு ஆரம்பத்திலேயே அழியும், பசு திரும்பப் பருவத்துக்கு வரும். ஸ்வீடனில் அப்படிப்பட்ட காளைகளைக் கழித்துக்கட்டினார்கள்.

நம் நாட்டில் விந்து நிலையத்துக்குள் ஒரு காளையைச் சேர்க்கும் முன் அதன் குரோமோசோம்களை எண்ணிப் பார்க்க வேண்டும். பிளாட், டம்ப்ஸ், சிட்ருலினீமியா (ரத்தத்தில் அம்மோனியா சேர்வது), ஃபேக்டர் லெவன் குறை (ரத்தம் சரியாக உறையாதது) ஆகிய நான்கு மரபுக் குறைகளுக்கும் சோதிக்க வேண்டும் என்று மத்திய அரசின் தரநிலை சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் நான்குமே ஹோல்ஸ்டீன் மாட்டில் பேசப்பட்டு வந்தவை என்பதைக் கவனியுங்கள். ஜெர்சிக்கு ஜேஎச்1 முடிவு என்ன என்று கேட்கும் பழக்கம் சமவெளி மாவட்டங்களில் வர வேண்டும். அமெரிக்கக் காளைப் பட்டியல்களில் காளையின் பெயரோடேயே ஜேஎச்1சி என்றால் சுமப்பது, ஜேஎச்1எஃப் என்றால் சுமக்காதது என்று போட்டுவிடுகிறார்கள். 2024 அக்டோபரில் நம் நாட்டு மாடுகளுக்கென்றே 'கௌ சிப்' என்ற மரபணுச் சோதனைச் சில்லு அறிமுகமானது. கருவி வந்துவிட்டது. அதில் வரும் விவரம் ஊசிக்காரரின் பைக்குப் பெட்டி வரை வந்து சேர்வதுதான் பாக்கி.

வீட்டில் இருப்பவர் எதைக் கவனிக்கலாம்? நாள் கணக்கை. ஊசி போட்டு 21 நாளில் மாடு திரும்பப் பருவத்துக்கு வந்தால் கரு உருவாகவில்லை, அல்லது முதல் இரண்டு வாரத்திலேயே போய்விட்டது; இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. 21, 42 இரண்டு கெடுவையும் சத்தமில்லாமல் கடந்துவிட்டு, 50-ஆம் நாள் காலையில் தொழுவத்தைக் கூட்டப் போகும்போது வாலில் கண்ணாடி மாதிரி வழும்பு ஒட்டியிருந்தால், கரு தங்கி அப்புறம் செத்திருக்க வாய்ப்பு அதிகம். நடுவில் ஒரு பருவத்தைத் தவறவிட்டிருந்தாலும் இப்படி வரலாம் என்பதால் ஒரு தடவையை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஒரே காளையின் ஊசியில் இரண்டாவது தடவையும் இப்படி ஆனால் காளையை மாற்றச் சொல்லுங்கள். ஐந்து மாதத்துக்கு மேல் கன்று வீசினால் மரபை யோசிக்கும் முன் கருச்சிதைவு நோயான புருசெல்லாவுக்கு ரத்தம் பார்க்க வேண்டும். அது மனிதருக்கும் தொற்றும். விழுந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடவே கூடாது.

இரட்டைக் கன்றில் ஒன்று காளை, ஒன்று கிடேரி என்றால் அந்தக் கிடேரி பெரும்பாலும் மலடாகத்தான் போகும். இதைப் பரம்பரைக் குறை என்று தாய்ப்பசுவையே விற்றுவிடுகிறார்கள். வயிற்றில் இரண்டு கன்றின் ரத்த ஓட்டமும் ஒன்றாகிப் போவதால் வருவது அது, மரபில் வருவதில்லை. தாய் அடுத்த ஈத்தில் நல்ல கிடேரி போடலாம்.

அதே மாதிரி, குறையைச் சுமக்கிற மாடு என்று தெரிந்தால் சந்தைக்கு ஓட்டத் தேவையில்லை. சுமக்காத காளையின் விந்து போட்டால் அதன் ஒரு கருகூட இந்தக் குறையால் சாகாது. செய்ய வேண்டியது ஒரு நோட்டில் மாட்டுக்கு ஒரு பக்கம். ஊசி போட்ட தேதி, நேரம், குச்சியில் உள்ள காளை எண், பருவம் திரும்பிய தேதி. எழுத வராவிட்டால் காலிக் குச்சியை வாங்கிப் போனில் படம் எடுத்து வைத்தால் போதும். கிடேரி பிறந்தால் அதன் பக்கத்தில் தகப்பன் எண்ணை எழுதிவிட்டு, அதற்கு முதல் ஊசி போடும் நாளில் குச்சியை உருவும் முன்பே அந்த எண்ணைச் சொல்லிவிடுங்கள். கலனில் வேறு காளை இல்லையென்றால் அடுத்த பருவத்துக்குக் கொண்டுவரச் சொல்லலாம். கிடேரிக்கு 21 நாள் பொறுப்பது பெரிய நஷ்டம் இல்லை. காதில் 12 இலக்க வில்லை போட்ட மாடு என்றால் கால்நடை மருந்தகத்தில் அந்த எண்ணைச் சொல்லி, எந்தக் காளை எண் பதிவாகியிருக்கிறது என்று கேட்கலாம். கிடேரியை விற்கும்போது அந்த எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால், வாங்குகிறவருக்கும் அடுத்த ஊசியின்போது அது வேண்டியிருக்கும்.